கடைசி மேஜை வாத்தியார்

பள்ளிக்கூடத்தில் தொழிற்கல்வி வாத்தியாரை யாரும் மறப்பதில்லை. மற்ற வாத்தியார்கள் வீட்டு மிக்ஸி நின்றுபோனால் முதலில் நினைவுக்கு வருவது அவர்தான். திருத்தணியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எலக்ட்ரிகல் பாடம் நடத்துகிறேன். நீங்களும் இந்த வேலையில் இருப்பவரென்றால், கீழே உள்ளதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதி நடக்கும்.

சேர்க்கை நாள்

பிளஸ் ஒன் சேர்க்கையன்று சயின்ஸ் குரூப்புக்கு மின்விசிறிக்குக் கீழே மேஜை போடுவார்கள். எனக்குக் கடைசி மேஜை, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி. மற்ற மேஜைகளில் இடமில்லை என்று சொல்லப்பட்டவர்கள்தான் அங்கே வந்து சேர்வார்கள். ஒரு வருஷம் புவனா என்ற பெண் மட்டும் நேராக என்னிடம் வந்தாள். கே.ஜி.கண்டிகைப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தில் போர் மோட்டார் எரிந்துபோகும்போதெல்லாம் மெக்கானிக் வருகிற வரைக்கும் பயிர் வாடுவதைப் பார்த்து வந்த ஆசை என்றாள்.

கூட வந்த அப்பாவுக்கு இஷ்டமில்லை. பெண்பிள்ளை, கரண்டு, கம்பம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தயங்கினார். கம்பம் ஏறுவதெல்லாம் பாடத்தில் இல்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். முகம் தெளியவில்லை. புவனா பேனாவை அவர் கையில் திணித்தாள்.

"ஏறணும்னா ஏறிட்டுப் போறேன்ப்பா. நீ மொதல்ல கையெழுத்து போடு."

செய்முறை வகுப்பு

மாடிப்படி விளக்கைக் கீழேயும் மேலேயும் போட்டு அணைக்கிற இணைப்புதான் அன்றைய பாடம். புவனாவின் குழு ஒரு ஒயரை இடம் மாற்றிப் பொருத்திவிட்டது. மெயின் விழுந்து பள்ளிக்கூடமே இருட்டானது. தலைமையாசிரியர் அப்போது கம்ப்யூட்டரில் மேலதிகாரிகளோடு கூட்டத்தில் இருந்தார். திட்டப் போகிறார் என்று பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர் திட்டுகிற மனிதர் இல்லை. வாசலில் நின்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராக என்னைக் கேட்டார்:

"கரண்டு இல்லாம இந்தப் பாடத்த நடத்த வழியே இல்லீங்களா சார்?"

எதிர்காலம் பற்றிய கூட்டம்

உயர்கல்வி வழிகாட்டலுக்காகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். ரோபோ, விண்வெளி, ஜெர்மனி என்று நன்றாகவே பேசினார். முடிவில், முன்வரிசையில் இருந்த என் வகுப்பு முனிரத்தினத்தை எழுப்பி, என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். ஆடிக் கிருத்திகைக்கு மலைக் கோயிலுக்குச் சீரியல் செட் விளக்கு போடும் கான்ட்ராக்ட் எடுப்பேன் என்றான். அது வருஷத்தில் ஒருமுறைதானே, மற்ற நாளெல்லாம் என்ன செய்வாய் என்று அவர் விடவில்லை. அவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று முனிரத்தினம் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

"மத்த நாள்ல கல்யாணம் இருக்குதுங்களே சார்."

பொதட்டூர்பேட்டையில் பயிற்சி

பிள்ளைகளை வெளியே தொழில் நடக்கும் இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். புவனாவைப் பொதட்டூர்பேட்டையில் தறி மோட்டார் ரிப்பேர் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். போய்ப் பார்த்தால், அவளை முன்னால் உட்கார வைத்துப் போன் எடுக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். பெண்ணுக்குக் கையைச் சுட்டால் அவள் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இருந்தாலும் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மறுநாளிலிருந்து காயில் சுற்ற விட்டார்.

அவள் இணைப்புக் கொடுத்த முதல் மோட்டாரை, அவசரத்தில் ஓட்டிப் பார்க்காமலே கொடுத்தனுப்பிவிட்டார்கள். அது தலைகீழாகச் சுற்றியது. ரெண்டு ஒயரை மாற்றினால் சரியாகிவிடும், சரியும் ஆனது. கடைக்காரரும் அவளைப் போனுக்குத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால், மோட்டாரை வண்டியில் கட்டித் திரும்பக் கொண்டுவந்த தறிக்காரர் கடை வாசலில் கோபமே இல்லாமல் சொன்னதைப் புவனா இன்னும் சொல்லிக் காட்டுவாள்:

"நெய்யச் சொன்னா பிரிக்குது நைனா, உன் மோட்டாரு."

ஒரு டம்ளர் காபி

பிளஸ் டூ முடிந்தது. எங்கள் குரூப் பிள்ளைகள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். புவனாவுக்கு வெளியூரில் இடம் கிடைத்தது, விடுதியோடு. வீட்டிலோ அத்தை மகனுக்குக் கட்டிவைக்கிற பேச்சு. மாப்பிள்ளை நகரியில் லேத் பட்டறையில் இருக்கிறார். சார், வந்து பேசுங்க என்று மட்டும் போனில் சொன்னாள்.

போனேன். அவள் சமையலறை வாசலில் நின்றாள். மாப்பிள்ளையும் வந்திருந்தார். அப்பா காபி கொடுத்து உபசரித்தார். வேலை, சம்பளம், இரண்டே வருஷம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஆங், ஆங் என்று மரியாதையாகத் தலையாட்டினார். ஆனால் முடிவை மாற்றவில்லை. நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதுவரை மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, படிக்கட்டும் மாமா, அப்புறம் பாத்துக்கலாம் என்றார். மாப்பிள்ளையே சொன்ன பிறகு அப்பாவும் சரி என்றார்.

பஸ் நிறுத்தம் வரை மாப்பிள்ளைதான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். உங்களுக்குப் பெரிய மனசு என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அதெல்லாம் இல்லீங்க சார். எனக்கும் இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல. யாராச்சும் வந்து பேச மாட்டாங்களான்னு பாத்துகினு இருந்தேன்."

புவனா இப்போது பாலிடெக்னிக் விடுதியில் இருக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அது என் வழிகாட்டலுக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.