நகராத தொண்ணூற்றேழு

போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். பூந்தமல்லியில் நான் வேலை பார்க்கும் சிறிய மருத்துவமனையில் நடந்தது. அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தீவிர கவனிப்பு வார்டில் ஆறு கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர். அதோடு இணைத்த குட்டிக் கம்ப்யூட்டர், நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் வைஃபை வழியாக நர்ஸ் மேஜையில் உள்ள பெரிய திரைக்கு அனுப்பும். நோயாளிகள் தூங்கட்டும் என்று கட்டில் பக்கத்து அலாரத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். மேஜையில் கத்தினால் போதும் என்ற நம்பிக்கை.

சாப்பிட உட்கார்ந்தபோது நர்ஸ் போன் செய்தார். திரை விட்டு விட்டு வருகிறதாம். மாடியேறிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே தெரிந்தது. நான்காம் கட்டிலில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான் அந்த எண்ணுக்குக் கீழே இருந்த நேரம் கண்ணில் பட்டது. அது ஓடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பழைய எண்.

இருவரும் ஓடினோம். அங்கே படுத்திருந்தவர் மரச்சாமான் கடை வைத்திருக்கும் பாய், நிமோனியாவுக்காகச் சேர்ந்தவர். ஆக்சிஜன் மாஸ்க் கழுத்துக்கு நழுவியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் தலைமாட்டு மானிட்டரில் எண்பத்தொன்று. நர்ஸ் மாஸ்க்கை மாட்டி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, டாக்டருக்குக் குரல் கொடுத்தார். எண் மெல்ல மெல்ல ஏறியது. தொண்ணூறைத் தாண்டும்வரை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய திரை சரியாகும்வரை கட்டிலுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றார் டாக்டர். ஊழியர்கள் போதவில்லை. வெளியே காத்திருந்த பாயின் தம்பியை உள்ளே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நம்பரு தொண்ணூறுக்குக் கீழ போனா கத்தணும், அவ்ளோதானக்கா? நான் இங்கியே நின்னுகினு கீறேன். நீங்க போய் அத்தப் பாருங்க," என்றார்.

காலையில் தானாக ஏறிய அப்டேட்டில் வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் மாறியிருந்தது. இணைப்பு வரும், சற்று நேரத்தில் அறுந்துவிடும். நாங்கள் பயன்படுத்துவது இலவச இயங்குதளம். அதன் புகார்ப் பக்கத்தில் வேறு நாடுகளிலிருந்தும் சிலர் இதையே எழுதியிருந்தார்கள். இது மருத்துவமனை, ஒருவருக்கு மூச்சு முட்டிவிட்டது என்று நானும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அந்த டிரைவரைக் கவனிப்பவர்களில் ஒருவர், முகம் தெரியாதவர். முதலில் வார்டைப் பாருங்கள், கம்ப்யூட்டர் தொடங்கும்போது முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், அது இன்னும் உள்ளேயேதான் இருக்கும் என்று எழுதியிருந்தார். அடுத்த வரி என்னைத் திகைக்க வைத்தது. இந்தக் கோளாறை ஏற்கெனவே சரிசெய்தாகிவிட்டதாம். ஆனால் அது வரப்போகும் புதிய பதிப்பில்தான் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் நம்பி வைத்திருக்கும் நிலையான பதிப்புக்கு இன்னும் வரவில்லை. இந்த வைஃபை கார்டு உள்ள யாரும் சோதித்துச் சொல்லவில்லை என்பதால் நின்றுபோயிருக்கிறது.

ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்து, பழைய பதிப்பில் தொடங்கினேன். பெரிய திரையில் நேரம் மறுபடி ஓடத் தொடங்கியது. வெகுநேரம் உற்றுப் பார்த்து, அறுபடவில்லை என்று உறுதியான பிறகு நான்காம் கட்டிலுக்குப் போனேன். தம்பி மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லியும், "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்க்கா," என்றார்.

மறுநாள் அந்தத் திருத்தத்தை அவரிடம் கேட்டு வாங்கி, அதே வைஃபை கார்டோடு உபரியாக இருந்த ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, நாள் முழுக்க ஓடவிட்டு, வேலை செய்கிறது என்று எழுதி அனுப்பினேன். அதே வாரத்தில் அது எல்லோருக்குமான வழக்கமான அப்டேட்டாக வந்துவிட்டது. பாயும் குணமாகி வீட்டுக்குப் போனார். தகவல் வருவது நின்றால் பெரிய திரையே கறுத்துக் கத்தும்படி இப்போது மாற்றி வைத்திருக்கிறோம்.

முன்பெல்லாம் ஏதாவது கோளாறு வந்தால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிடுவேன். இப்போது அப்படி விட மனம் வருவதில்லை. எங்கோ ஒருவர் சரிசெய்து வைத்த ஒன்று, நான் ஒரு வரி எழுதாததால் யாரோ ஒருவரின் கட்டிலை எட்டாமல் நின்றுவிடுமோ என்ற பயம் என்னோடு தங்கிவிட்டது.