காரைக்காலில் மழை இல்லை

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். முதலில் தெரிவது ரேடியோவின் பச்சை விளக்கு. அது நடுங்கி நிலைத்ததும் டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். சைகோனில் எங்கள் மாடியறையில், அம்மா தன் மதியச் சோற்றை மூடிவைத்துவிட்டு ரேடியோவின் எதிரே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது.

அம்மா வியட்நாமியப் பெண். அப்பா காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து இங்கே குமாஸ்தாவானவர். அண்ணனுக்குப் பதினேழு வயது நெருங்கியபோது, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவதற்குள் அவனைக் காரைக்காலில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காற்று பட்டால் இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சு வாங்குவான். இங்கே இருந்தவரை அம்மா அவன் முதுகில் தைலம் தேய்த்தாள்.

அதனால் செய்தியின் முடிவில் வரும் வானிலை மட்டும் அவளுக்கு வேண்டும். அப்பா அந்நேரம் அலுவலகத்தில் இருப்பார். காலைப் பள்ளி முடிந்து வந்த ஒன்பது வயது நான்தான் மொழிபெயர்ப்பாளர். அறிவிப்பாளர் நிதானமானவர். காஷ்மீரில் தொடங்கி, பஞ்சாபில் வறண்ட வானிலை, அஸ்ஸாமில் பரவலாக மழை என்று தேசம் முழுவதும் நடந்துவிட்டுக் கடைசியில்தான் எங்கள் கரைக்கு வருவார். அதுவரை அம்மா கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆயாமல் இருப்பாள். மழை இல்லை என்று நான் சொன்னால் சாப்பிடுவாள். மழை என்றால் ஊதுவத்தியோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள். சோறு மூடியபடியே இருக்கும்.

"அங்க தூறல் போட்டா இங்க இவளுக்குச் சோறு இறங்காது," என்பார் அப்பா. "நல்ல வேளை, அஸ்ஸாம்ல நமக்கு ஒறவுக்காரங்க யாரும் இல்ல."

ஆவணிக் கடைசியில் ஒருநாள், தமிழகக் கடலோரத்தில் அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பலத்த மழை என்றார் அறிவிப்பாளர். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். அம்மாவின் பச்சைக்கல் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. நான்காம் நாள் நான், "அங்கே நல்ல வெயில்," என்றேன். அம்மா மூடியை எடுத்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அறிவிப்பாளர் என்ன சொன்னாலும் என் காரைக்காலில் ஒரு துளி விழவில்லை. சில நாள் இளங்காற்று வீசச் செய்தேன். ஒருநாள் வானவில்கூட வைத்தேன். அம்மா தினமும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

புரட்டாசிப் பௌர்ணமியில் வரும் வியட்நாமியரின் நிலாப் பண்டிகையன்று காகித விளக்குக் கட்ட நூல் தேடி அவளுடைய தையல் டப்பாவைத் திறந்தேன். அண்ணன் கடிதம் இருந்தது. அவனுடைய கடிதங்களை அம்மா சத்தமாக வாசித்துக் காட்டுவாள். இதைக் காட்டவில்லை. அன்று காலைதான் வந்திருக்கும், இன்னும் பிரிக்க நேரமில்லை போலும் என்று நினைத்தேன். உறை பிரிந்திருந்ததை யோசிக்கவில்லை. வியட்நாமிய மொழியில் எழுதியிருந்தான். எட்டு நாளாக விடாத மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று இரவு இழுப்பு, அத்தை தைலம் தேய்த்தாள், இப்போது தேவலை.

கடிதத்தை அடுக்களைக்குக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அங்கே மழைதான் பெய்தது, நான் பொய் சொன்னேன் என்றேன். அழுகை வந்துவிட்டது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மடித்தாள்.

"தேவலை என்றுதானே எழுதியிருக்கிறான்," என்றாள் அவள் மொழியில். "ரேடியோவைப் போடு, மணியாகிறது."

அன்று கடலோரத்தில் ஓரிரு இடங்களில் மழை. அப்படியே சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு, எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தாள்.

அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பின்புறத்தில், கடிதம் இங்கே வந்து சேர்ந்த அன்று குத்திய சைகோன் தபால் முத்திரை. நிலாப் பண்டிகைக்கு ஒன்பது நாள் முந்திய தேதி.