ராணி கழுத்தில் ரிஜெக்ட் லேஸ்

பள்ளி ஆண்டு விழாவுக்கு அம்மா வந்திருந்தாள், அக்கா வந்திருந்தாள். அப்பா வரவில்லை. "ஆம்பளப் புள்ள பாவாட கட்டிகினு ஆடறத நான் வேற வந்து பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வண்டலூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்.

தாம்பரத்தில் நான் படித்தது பையன்கள் மட்டும் படிக்கிற பள்ளி. ஆங்கில நாடகத்தில் ராணி வேஷத்துக்கு மீசை அரும்பாத, வசனம் மறக்காத ஒருவன் வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் நான் அகப்பட்டேன். உடைக்கு மாதிரியாக சார் ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய ராணி ஒருத்தி, மணிபோல விரிந்த கவுனும் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பான வெள்ளை வட்டமுமாக அதில் நின்றாள்.

"இன்னாமா இது, தலைய வெட்டித் தட்டுல வெச்சா மாதிரி கீது!" என்றாள் அக்கா.

அம்மா சிரிக்கவில்லை. சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐந்து வருஷமாகத் தைக்கிறவள் அவள். படத்தை ஜன்னலோரம் பிடித்து மடிப்புகளை எண்ணினாள். "கவுன வுடு, அது ஆயிடும். இந்தக் கழுத்துதான் லேஸ முழுங்கும்."

கவுன் ஒரு பழைய மெரூன் திரைச்சீலையில் ஆயிற்று; விரிந்து நிற்க உள்ளே மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டினாள். லேஸ் கம்பெனியிலிருந்து வந்தது. கறை பட்டதையும் நூல் விட்டதையும் ரிஜெக்ட் என்று ஒதுக்கி, சனிக்கிழமைதோறும் கொல்லையில் போட்டு எரிப்பார்களாம். எரிக்கிற துணியானாலும் ஒரு முழம் வெளியே போகக்கூடாது; பிடிபட்டால் அன்றோடு வேலை போச்சு. அம்மா மூன்று நாள், இரண்டிரண்டு கெஜமாக, புடவைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.

"யார்னா கேட்டா பாண்டி பஜார்ல வாங்கனதுன்னு சொல்லு."

"பொய்யாம்மா?"

"எரிக்கிற துணிதான்டா. ஆனா நீ வாயத் தொறந்த, என் வேலைக்கே வேட்டு."

ஜவ்வரிசிக் கஞ்சியில் லேஸை முக்கி, ஈரம் காயும் முன் சுடவைத்த ஊதுகுழலில் ஒவ்வொரு மடிப்பாகச் சுற்றி உருவினாள். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது.

மேடையில் என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சேவகனைப் பார்க்க வேண்டுமென்றால் கவுனோடு மொத்தமாகத் திரும்பினேன். அதை ராஜ தோரணை என்று எடுத்துக்கொண்டு ஜனங்கள் கைதட்டினார்கள்.

நாடகம் முடிந்ததும் தலைமை விருந்தினரை அறிமுகப்படுத்தினார்கள். அம்மாவின் கம்பெனி மேனேஜர். அம்மா மேடைக்குப் பின்னால் ஓடிவந்தாள். "கழட்டு, சீக்கிரம் கழட்டுடா" என்று என் பிடரியிலிருந்த நாடாவைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு இறுகிக்கொண்டது. அதற்குள் பரிசு வாங்க என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் பரிசு கொடுக்க நின்ற மேனேஜரின் மனைவி மடிப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் நம்ம ஊர் டெய்லருக்கு வராதுங்க. சினிமா கம்பெனில வாடகைக்கு எடுத்திருப்பாங்க" என்றார் கணவரிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் கைவேலைக்கு வர வேண்டிய பேரை யாரோ தட்டிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் பட்டது. பாண்டி பஜார் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப்போனது.

"எங்கம்மா தெச்சது, மேடம். உங்க கம்பெனிலதான் வேல செய்றாங்க. லேஸ்கூட அங்கேர்ந்துதான் எடுத்தாந்தாங்க."

மைக் அணைந்திருக்கவில்லை. மேனேஜர் குனிந்து லேஸின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "வெரி குட்" என்று என் கன்னத்தைத் தட்டினார். மேடையோரம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கேட்டிலேயே அவள் கம்பெனி கார்டை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உண்மையத்தான சொன்னான்" என்றார் அப்பா. யாரும் திட்டாததால் நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்றே வெகுநாள் இருந்துவிட்டேன். ஜூன் மாதம் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய அக்கா குரோம்பேட்டையில் வேறொரு கம்பெனிக்குப் பட்டன் தைக்கப் போனாள். அவளுக்குப் படிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

ஆறு கெஜம் எரிக்கிற லேஸ். அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை, அம்மாவின் ஐந்து வருஷ வேலையும் அக்காவின் பத்தாம் வகுப்பும்.