மச்சாள் வந்து போன நாள்

என் கணவருக்குத் தமிழில் ஒழுங்காகத் தெரிந்தது ஒரே வசனம்தான்: "போட்டு வாறன்." போய்விட்டு வருகிறேன் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு. குப்பை வாளியைத் தெருவில் வைக்கப் போனாலும் சொல்லுவார், பால் வாங்கப் போனாலும் சொல்லுவார். "கேட்டது, போங்கோ" என்று நானும் எரிந்து விழுவேன். இந்த மாசியில் அம்புலன்ஸ்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போகும்போதும், மூக்கில் வைத்திருந்த மூடியை விலக்கி அதையேதான் சொன்னார். மனிதர் திரும்பி வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் லண்டனில் பிறந்த வெள்ளைக்காரர். அவருடைய அப்பப்பா நோர்வேக்காரர், மாலுமி. மரம் ஏற்றிவந்த கப்பலில் இங்கே வந்து இறங்கியவர் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. அதற்கு மேல் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தச் சனத்தை எப்படியாவது தேடிப் பிடிக்கவேண்டுமென்று, சில வருடங்களுக்கு முன் ஒரு குழாய்க்குள் எச்சிலைத் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். நெருங்கிய சொந்தம் ஒன்றும் அகப்படவில்லை.

கிங்ஸ்பரியில் இருக்கிற என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நோர்வேயில எங்கட சனமே குவிஞ்சு கிடக்கு. ஒரு தமிழ்க் கடையில போய்க் கேள், உன்ர மனிசன்ர அப்பப்பாவையும் கண்டுபிடிச்சுத் தருவாங்கள்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் ஒற்றைப் பிள்ளை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவும் தன் பாட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகனிடம் போவேன், பிரசாதம் சாப்பிடுவேன், இல்ஃபோர்ட்டுக்குத் திரும்பி வருவேன். கேத்தில் கொதித்து நின்றால் வீட்டில் வேறு சத்தமே கிடையாது. அகதிக்கு ஆகாயமே துணை என்பார்கள். லண்டனில் அந்த ஆகாயமும் பாதி நாள் முகில்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அவருடைய மின்னஞ்சலுக்கு நோர்வேயிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். தானும் அதே சோதனையைச் செய்தாளாம். அவளுடைய அப்பப்பாவும் இவருடைய அப்பப்பாவும் கூடப்பிறந்த சகோதரர்கள். நான் விரல் விட்டு முறை பார்த்தேன். அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள் என்றால் இவருக்கு அவள் சகோதரி. எனக்கு? மச்சாள்! தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன், பிறகு அழுதேன். அவருடைய இரத்தத்தில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, என்னைத் தன் சொந்தம் என்று சொன்னால் போதும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

அவர் போய்விட்டார் என்று பதில் எழுதினேன். லண்டனுக்கு வரும் வேலை இருக்கிறது, உங்களைப் பார்க்க வரலாமா என்று கேட்டாள்.

வந்தாள். என் வயதுதான். கண்ணைப் பார்த்தேன், அப்படியே இவருடைய கண். துக்கம் விசாரிக்க வந்தவளை எங்கள் வழக்கப்படி "வாங்கோ" என்று சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் இருந்தேன். அவள் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் இருந்தாள். தேத்தண்ணி குடித்தோம். அவருடைய படத்தை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.

பிறகு மாலுமியின் கதையைச் சொன்னாள். "ஒரு விடியற்காலையில் யாரிடமும் விடைபெறாமல் போய்விட்டார். அவருடைய அம்மா சாகும்வரைக்கும் அதை மன்னிக்கவில்லை. என் அப்பாவுக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. அவர் இப்போதும் கோபமாகத்தான் சொல்லுவார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று."

பின்னேரம் எழும்பினாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, போய் வருகிறேன் என்றாள். செத்தவீட்டுக்கு வந்தவர் போகும்போது சொல்லிக்கொண்டு போகக்கூடாது, வீட்டுக்காரர் வழியனுப்பவும் கூடாது. இப்படியொரு காரியத்துக்கு இனி ஒருவரும் வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முறை. நான் எழும்பவில்லை. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு கதவு மெதுவாகச் சாத்துப்படும் சத்தம் கேட்டது. முறை தவறாமல் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது, பாருங்கள்.

அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினாள். "அந்த மனிசிக்கு எங்கட முறை என்னெண்டு தெரியும்? வீடு தேடி வந்தவளை மூஞ்சியைத் திருப்பிக் கலைச்சுப்போட்டு நிக்கிறாய்!"

போன் கையில் இருக்க, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று மச்சாள் சொன்னது திரும்பவும் காதில் கேட்டது. ஐயோ கடவுளே! வீட்டுச் செருப்போடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். என் முழங்காலுக்கு அது ஓட்டமில்லை, ஆனாலும் ஓடினேன். அவள் போய்விட்டாள்.

அங்கேயே வாங்கில் குந்திக்கொண்டு, போனிலேயே எங்கள் வழக்கத்தை விளக்கி எழுதினேன். உங்களை வெறுத்துச் செய்ததல்ல, நீங்கள் எனக்கு மச்சாள் என்று எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சித்திரை போய் வைகாசியும் போனது. இருந்த ஒரேயொரு சொந்தத்தையும் நானே கலைத்து அனுப்பிவிட்டேன் என்று கோயிலில் நின்று வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஆனி மாதம் பதில் வந்தது. "முதலில் எனக்கு மிகவும் வலித்தது. பிறகு நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாலுமியின் தகப்பன் கடலில் இறந்து, அடக்கம் நடந்த அதே வாரத்தில்தான் மாலுமி வீட்டைவிட்டுப் போனாராம். 'அதுவும் செத்தவீடுதானே' என்று அப்பா சொன்னார். அவர் அந்த மனிதரைப்பற்றிக் கோபமில்லாமல் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆவணியில் வருகிறேன், மச்சாள். இந்த முறை என்னை வழியனுப்புவீர்களா?"

அந்த நோர்வே மாலுமிக்கு எங்கள் முறை எங்கே தெரிந்திருக்கப்போகிறது? ஆனாலும் அந்தக் கிழவருக்கு நான் மறுப்பு எழுதவில்லை.

ஆவணிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அவள் போகும்போது வாசலுக்கு வருவேன், ஸ்டேஷன் வரைக்கும் போவேன், "போட்டு வாங்கோ, மச்சாள்" என்று சத்தமாகச் சொல்லுவேன். நேற்றுக் குப்பை வாளியைத் தெருவில் வைக்கப் போகும்போது, வெறும் வீட்டைப் பார்த்து "போட்டு வாறன்" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டது, போங்கோ என்று எரிந்து விழ ஆளில்லை.