இரண்டாம் முறை கொடுத்த ரத்தம்

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, ஒன்றை நான் தருகிறேன் என்றேன். அப்போது நான் உச்சிப்புளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுசு. தம்பி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். திசுப் பொருத்தம் பார்க்க என் ரத்தத்தை ராமநாதபுரத்தில் எடுத்து, சித்திரை வெயிலில் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். பொருந்தவில்லை என்று முடிவு வந்தது.

மாமனாருக்கு நிம்மதி. “அதான் ஒத்துவரலைன்னு சொல்லிட்டாகள்ல, விட்ருத்தா. புள்ள பெத்துக்க வேண்டிய ஒடம்பு.”

நான் பிறந்த ஊரான முதுகுளத்தூரில் பெரியப்பா வேறு மாதிரி பேசினார். “ஒரே அப்பனுக்குப் பொறந்த புள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தாமப் போகும்?” அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

“நான் மதுரைக்குப் போறேன்” என்று கணவரிடம் சொன்னேன். “வந்தா வாங்க, வராட்டி தனியாப் போறேன்.” அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “பழைய முறைக்கு உயிரோட இருக்கிற வெள்ளை அணு வேணும்மா. உங்களோடது வெயில்ல பாதிக்கு மேல செத்துப்போச்சு.”

“அப்ப பொருந்தலைன்னு எப்படிச் சொன்னீங்க?”

“தெளிவாத் தெரியலைன்னுதான் சொல்லியிருக்கணும். இப்ப வந்திருக்கிற டிஎன்ஏ முறையில நேரா மரபணுவையே பாப்போம். செத்த அணுவுல இருந்தும் எடுக்கலாம்.”

“அப்படின்னா இப்பவே எடுங்க” என்று கையை நீட்டினேன். பெரியப்பா கேட்டதையும் கேட்டேன். கூடப்பிறந்தவர்களில் நாலுக்கு ஒருவர் கொஞ்சமும் பொருந்தாமல் போகலாம், அதற்கும் அம்மாவுக்கும் சம்பந்தமில்லை என்றார்.

இம்முறை பாதி பொருந்தியது. பாதி போதும் என்றார்கள். வீடு திரும்பியதும் மாமனார் கேட்டார்: “பாதிதான?”

“பாதி போதும் மாமா. குடுக்கத்தான் போறேன்.”

பெரியப்பா வீட்டு வாசலில், நாலு பேர் இருக்கும்போதே, டாக்டரம்மா சொன்னதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. தம்பி மாத்திரையோடு மிளகாய்க் காட்டுக்குத் திரும்பினான். எனக்கு அதற்குப் பிறகுதான் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைப் பார்க்கப் பெரியப்பா ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். “நல்லா இருக்கியாத்தா?” என்றார்.

“மொதல்ல அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க” என்றேன். அவர் கேட்கவில்லை. நானும் அவரோடு பேசுவதில்லை.