கத்தரிப்பூ நிறச் சேலையில் ஓர் உப்புக் கோடு

என் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் துவைக்காத சேலை ஒன்று இருக்கிறது. அம்மாவுடையது. கத்தரிப்பூ நிறம், மெல்லிய கரை, ஒரு தீபாவளிக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். ஈரத் துண்டு ஒன்று நாற்காலியில் கிடந்தாலே வீட்டை ரெண்டாக்குகிறவள் நான். இந்தச் சேலையை மட்டும் அவ்வப்போது எடுத்து விரித்துப் பார்ப்பேன், மறுபடி மடித்து வைப்பேன், அவ்வளவுதான். அதன் குறுக்கே வெள்ளையாக, கோணல்மாணலாக ஒரு கோடு ஓடுகிறது. கடல் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பு அது. அந்தக் கோடு எப்படி வந்தது என்று சொல்வதென்றால் நான் முதன்முதலாக டிரையத்லான் போட்டிக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால் அம்மா எனக்குள் வைத்த பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிறந்தது ரெங்கம் என்ற சிற்றூருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. ரப்பர் பால் சேர்க்கும் கொட்டாய்க்குத் தண்ணீர் இறைப்பதற்காக வெட்டிய குளம். கரை வழுக்கும், நடுவில் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவும் அப்பாவும் இருட்டு விலகுமுன் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லி வந்தது ஒன்றுதான். “ஒனக்குத் தண்ணியில கண்டம் இருக்கு பாப்பா. நீ பொறந்தப்பவே கோயில் பண்டாரம் சொல்லிட்டாரு.” கண்டம் என்றால் உயிருக்கு வரும் ஆபத்து என்பது பிறகுதான் புரிந்தது. அந்த வயதில் அது அந்தக் குளத்தில் குடியிருக்கும் ஏதோ ஒரு பிராணி என்று நினைத்திருந்தேன். அதற்குக் கண் உண்டு, என் பெயர் அதற்குத் தெரியும் என்றெல்லாம் நினைத்ததுண்டு. மற்றப் பிள்ளைகள் குளத்தில் குதித்து ஆடும்போது நான் லயத்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். என் வலது கணுக்காலில் அம்மா மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு இருக்கும். நைந்து போனால் புதிதாகக் கட்டுவாள். எனக்கென்று ஜாதகம் எழுதி வைக்கவில்லை. பண்டாரம் வாயால் சொன்னதுதான். விவரம் கேட்கிற வயது எனக்கு வருவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கயிற்றோடுதான் வளர்ந்தேன். பள்ளியில் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்கு அழைத்துப் போனபோது எல்லோரும் கழற்றிப் போட்ட சப்பாத்துகளுக்கு நான்தான் காவல். அப்பா இறந்து, அஸ்தி கரைக்கக் கடற்கரைக்குப் போனபோது அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பானையைச் சாய்த்தான். அத்தைமார்கள் எல்லோரும் குனிந்து தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவேயில்லை. அழுதுகொண்டே பிடித்திருந்தாள். அப்பாவைக் கொண்டுபோன அந்தத் தண்ணீரை அவருடைய மகளான நான் தொடவில்லை. அது எனக்கு வெகுநாள் வருத்தம், ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று அம்மா கையை விட்டிருந்தாலும் நான் தொட்டிருக்கமாட்டேன்.

கல்யாணமாகி தெப்ராவுக்கு வந்தேன். அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அம்மாவும் தோட்டத்தை விட்டு என்னோடு வந்துவிட்டாள். ஒருநாள் என் மகள் பள்ளியிலிருந்து வந்து, நீச்சல் வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டாள். யோசிக்கக்கூட இல்லை. “வேணாம். ஒனக்குத் தண்ணி ஆகாது” என்று சொன்னேன். “யாரும்மா சொன்னாங்க?” என்று கேட்டாள். பண்டாரம் அவளைப் பார்த்ததே கிடையாது. அவள் கயிறு ஏதும் கட்டாத தன் கணுக்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வை என்னைக் கலக்கிவிட்டது. சமையலறையில் நின்றிருந்த அம்மாவும் அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பிரிவின் தலைவி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. எல்லோரும் மலாயில் அக்கா என்ற பொருளில் கக்காக் என்று கூப்பிடுவோம். டிரையத்லான் என்றால் அவருக்குப் பைத்தியம். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காதது போல வேலைக்கு வருவார். டெசாரு கடற்கரைப் பக்கம் புதியவர்களுக்கான போட்டி ஒன்று நடக்கப் போவதாக அவர் சொன்னபோது நான் பெயர் கொடுத்தேன். வீராப்பில்தான் கொடுத்தேன். என் மகளை நீச்சலுக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் நான் இறங்க வேண்டும் என்று தோன்றியது.

சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மிதித்திருக்கிறேன். நீச்சல்தான் என்னைக் கொன்றது. முதல் நாள் நீச்சல் குளத்தில் இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கும் முன்பே பின்வாங்கிவிட்டேன். குழந்தைகள் குதிக்கும் ஆழமற்ற பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “அலமாக்! தண்ணி உன்னக் கடிக்குமா?” என்று கக்காக் தன் உடைந்த தமிழில் கேலி செய்தார். கடிக்கும் என்றுதான் என் உடம்பு நம்பியது. நீந்தக் கற்றுக்கொண்ட பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. குளத்தின் தரையில் நீல ஓடுகள் தெரியும்வரை தாங்கிக்கொள்வேன். ஆழம் கூடி ஓடுகள் மங்கினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வேலை முடிந்து தாமதமாக வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைமுடியில் இருந்த குளோரின் வாடையே காட்டிக்கொடுத்துவிட்டது. சத்தம் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, என் காலைப் பிடித்து, பழைய கயிற்றுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைக் கட்டினாள். இந்த முறை இரட்டைக் கயிறு.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளினேன். கை தலையை விட்டுவிட்டு வாலைக் கிள்ளியது. அம்மா அதைக் கவனித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“பாப்பா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. பண்டாரம் ஒண்ணுமே சொல்லல.”

எனக்குப் புரியவில்லை.

“கண்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் சொன்னேன். நாங்க காட்டுக்குப் போயிட்டா ஒன்னப் பாத்துக்க ஆளு ஏது? ஆயாக் கொட்டாய்ல அத்தன புள்ளைங்க. கொளம் பின்னாடியே கெடக்கு. பயமுறுத்தி வச்சா கிட்டப் போவமாட்டேன்னு சொன்னேன். அப்புறம் எப்படி நிறுத்துறதுன்னு தெரியல.”

“அப்ப இந்தக் கயிறு?”

“சும்மா கட்டினதுதான்” என்று சொல்லிவிட்டு, நெத்திலிப் பொட்டலத்தை வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து, என் கணுக்காலில் இருந்த இரட்டைக் கயிற்றை ஒரே வெட்டில் வெட்டினாள். “இனிமே இது எதுக்கு? பயப்படாமப் போயிட்டு வா.”

என் மனம் லேசாகியிருக்க வேண்டும். இத்தனை வருடமும் இல்லாத ஒன்றுக்கா பயந்தேன் என்று சிரித்திருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. கயிறு போன இடத்தில் வெளுத்துக் கிடந்த தோலைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. இவ்வளவு நாளும் அந்தக் கயிறு என்னைப் பயமுறுத்தியது என்று நினைத்திருந்தேன். அதுதான் என்னைக் காத்தும் வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்றும் தோன்றியது. பிள்ளையைக் காப்பாற்ற அன்று ஒரு பொய் சொன்னவள், அதே பிள்ளைக்குத் தைரியம் வர இன்று ஒரு பொய் சொல்லமாட்டாளா? அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி நெத்திலியில் குனிந்துவிட்டாள்.

மறுநாள் டெசாரு கடற்கரை நான் நினைத்திருந்ததைவிடச் சத்தமாக இருந்தது. ஒலிபெருக்கி, பாட்டு, அதற்கும் மேலே அலை. கையில் கறுப்பு மையால் எண் எழுதினார்கள். நேரம் கணக்கிடும் பட்டையைக் கணுக்காலில் சுற்றினார்கள்; நான் வலது காலை நீட்டினேன், கயிறு இருந்த இடத்திலேயே அது உட்கார்ந்தது. அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல வந்திருந்தாள். என் கணவரும் மகளும் சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போய்விட, அவள் மட்டும் என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றாள். “தூரமா தெரியுதே” என்றாள். கடலில் மிதந்த ஆரஞ்சு நிற மிதவைகளைத்தான் சொன்னாள். முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஊதல் சத்தம் கேட்டதும் கூட்டம் கடலுக்குள் ஓடியது. நான் கடைசியில் நடந்தேன். கால் தரையை விட்டதும் நீச்சல் குளத்தில் கற்றது பாதி மறந்துபோயிற்று. கடலுக்கு நீல ஓடு ஏது? கீழே பழுப்புக் கலங்கல், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. முதல் மிதவையை நெருங்கும்போது யாரோ ஒருவரின் குதிகால் என் முகத்தில் பட்டது. நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூச்சு இழுத்த நேரம் பார்த்து ஓர் அலை வாயை நிரப்பியது. இருமினேன், இருமலில் இன்னும் குடித்தேன். இதுதான் அது என்று நினைத்தேன். அந்தப் பிராணி, என் பெயர் தெரிந்த பிராணி, தோட்டத்துக் குளத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து காத்திருந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். மூச்சு கிடைக்காதபோது வயதும் படிப்பும் துணைக்கு வருவதில்லை.

எப்படியோ பாதுகாப்புப் படகின் முனை கையில் தட்டுப்பட்டது. அதிலிருந்த மீட்பாளர், “ரிலேக்ஸ் கக்காக். தாரிக் நாஃபாஸ்” என்று நிதானமாக மூச்சை இழுக்கச் சொன்னார். திரும்பக் கரைக்குக் கொண்டுபோய் விடவா என்றும் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன். கண்ணாடியைத் தூக்கிக் கரையைப் பார்த்தேன். மணலில் நின்றவர்களுக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தைத் தேடினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினேன், எங்கும் இல்லை. அம்மா போய்விட்டாள். பார்க்கத் தாங்காமல் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியானால் கண்டம் உண்மைதான், நேற்றுச் சொன்னதுதான் பொய். ஆனால் இப்போது படகில் ஏறினால் மகள் என்ன பார்ப்பாள்? நனைந்த அம்மாவைப் பார்ப்பாள், பிறகு தன் கணுக்காலைப் பார்ப்பாள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு இல்லை. மீட்பாளரிடம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தலையைத் தூக்கியபடியே தவளை நீச்சலில் நகர ஆரம்பித்தேன். தைரியம் வரவில்லை. பயந்துகொண்டேதான் ஒவ்வொரு மிதவையாகச் சுற்றினேன்.

கரையேறியபோது கடைசிக் கூட்டத்தில் இருந்தேன். அம்மா தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தாள். என் துண்டைத் தோளோடு சேர்த்துப் போர்த்தியிருந்தாள். அதற்குக் கீழே சேலை சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, நனைஞ்சிட்டீங்க?”

“அலை வந்து அடிச்சிருச்சுலா. நீ ஓடு, ஓடு, நிக்காத” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

சைக்கிளும் ஓட்டமும் வெயிலிலேயே கழிந்தன. முடித்து வந்து பதக்கத்தை மகளின் கழுத்தில் போட்டேன். அதற்குள் அம்மா கைலிக்கு மாறியிருந்தாள். ஈரச் சேலை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடந்தது. அது காரின் பின்புறத்திலேயே வாய் பிரிந்து கிடந்து, நான் நினைவு வந்து எடுத்தபோது முழுக்கக் காய்ந்திருந்தது. துவைக்கப் போட விரித்தபோதுதான் கோட்டைப் பார்த்தேன். அம்மா கட்டியிருந்த மடிப்பிலேயே என்மேல் வைத்துப் பார்த்தால் என் இடுப்புக்கு வந்தது. அம்மா குள்ளம். அவளுக்கு அது நெஞ்சுக்குழி. “எவ்ளோ தூரம்மா எறங்கினீங்க?” என்று கேட்டேன். “காலு நனைஞ்சிச்சு, அவ்ளோதான்” என்றாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். அதற்குப் பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகள் இப்போது பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறாள். அம்மா போய்விட்டாள், மழைக்காலத்தில், சளி முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில். அஸ்தியை அண்ணனோடு சேர்ந்து நானும் கடலில் இறங்கிக் கரைத்தேன். இந்த முறை என் மணிக்கட்டைப் பிடிக்க ஆளில்லை.

போன மாதம் டெசாருக்குப் போனேன். அதே கடற்கரை, போட்டி இல்லாத சாதாரண நாள். தண்ணீர் எனக்கு நெஞ்சுக்குழி வரும்வரை நடந்து போய் நின்று பார்த்தேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, அது போவதாகத் தெரியவில்லை. அந்த ஆழத்தில் நிற்க முடியவில்லை. ஒவ்வோர் அலைக்கும் கால் தரையை விட்டுக் கிளம்பியது, மணல் பாதத்துக்கடியில் கரைந்து ஓடியது. இரண்டு தடவை நீந்தித்தான் சமாளித்தேன். எனக்கு நீந்தத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. நான் கரையில் அவளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தன் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறாள், ஆறு கஜச் சேலையோடு, என்னை நோக்கி.

வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை எடுத்தேன். கோடு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. உதறாமல், மெதுவாக மடித்து, மறுபடி கீழ்த்தட்டில் வைத்தேன்.