அடிப்பட்டை வைத்த இஞ்சி பிஸ்கட் வீடு

வருஷக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் தெரு நடைபாதையில் நடக்க முடியாது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் எங்கள் பேக்கரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நான் கட்டிய இஞ்சி பிஸ்கட் வீடு இருக்கும். இதுவரை முப்பத்தெட்டு வீடு கட்டிவிட்டேன். ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. எந்தக் கொத்தனாராவது இப்படி மார்தட்டிச் சொல்லட்டும், பார்ப்போம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். செய்தவள் நான், என் பெருமையை அடுத்த வீட்டுக்காரியா வந்து சொல்வாள்?

முதல் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மற்ற முப்பத்தேழும் அது போட்ட பிச்சை.

அப்போது நான் தையல்காரி. பேக்கரிக்கு மேலே ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு மிஷின், வெட்டுவதற்கு ஒரு பலகை. பதின்மூன்று வயதில் ஊசி பிடித்தேன். புதுத்துணி தைக்க எல்லாரும் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். என்னிடம் வருவது நீளமான கால்சட்டைதான். வெட்டு, மடி, தை. இருபது வருஷம் ஊரார் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். கீழேயிருந்து வெண்ணெயும் ஏலக்காயும் மணக்கும்போது, கைவேலை தெரிந்த நான் இங்கே என்ன செய்கிறேன் என்று தோன்றும். என் வீட்டுக்காரர் கீழேதான் பன் சுட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது, வருஷாவருஷம் பிஸ்கட் வீடு கட்டும் பெரிய மாஸ்டர் வேறு ஓட்டலுக்குப் போய்விட்டார். போகும்போது சுவர், கூரை வெட்டும் அளவு அட்டைகளையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். தைத்த ஏப்ரன்களைக் கொடுக்க நான் இறங்கி வந்தபோது முதலாளியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அட்டை இல்லாம யாரு வெட்டுறது? இந்த வருஷம் ரொட்டிக்கூடைய வெச்சு ஒப்பேத்திடலாம்."

"நான் வெட்டித் தரேம்மா," என்றேன்.

கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "டெய்லரக்கா, இது பிஸ்கட்டு. பட்டன் வெக்கிற வேலையில்ல."

"ஒரு சட்டைக்கு ரெண்டு கை, ஒரு கழுத்து, எத்தனை வளைவு! வீடுன்னா எல்லாம் நேர்கோடு. இதுல என்னண்ணே பெரிய வித்தை?"

முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. சனிக்கிழமை கடை திறக்கறப்ப வீடு கண்ணாடிக்குள்ள நிக்கணும். நின்னா கேக் அலங்கரிக்கிற மேஜை உனக்கு, கீழயே வந்துடு. விழுந்துச்சுன்னா மறுபடி மேல போய் மடிப்பு தைக்கணும். இந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுக்கக் கூடாது."

படியேறும்போது என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "அடுப்புக்குக்கூட மூடி இருக்கு. உன் வாய்க்கு இல்ல."

"மூடியே கிடந்தா ரொட்டி எப்படிங்க வெளிய வரும்?" என்றேன்.

பழுப்புத்தாளில் வரைந்தேன், வெட்டினேன். முன்சுவர், பின்சுவர், பக்கச்சுவர் இரண்டு, கூரைக்கு இரண்டு பலகை, ஒரு கதவு. புதன்கிழமை அவர் தேனும் கருஞ்சர்க்கரையும் சுக்குப்பொடியும் போட்டு மாவு பிசைந்து தேய்த்துக் கொடுத்தார். நான் தாளை மேலே வைத்துக் கத்தியால் வெட்டினேன். ஜன்னல் ஓட்டைகளில் மஞ்சள் மிட்டாயை உடைத்துப் போட்டோம். அடுப்பிலிருந்து வரும்போது உருகிக் கண்ணாடியாகியிருந்தது. அவரே அசந்துபோனார். வியாழக்கிழமை முழுக்கக் காயவிட்டோம். காயாத பிஸ்கட் எடை தாங்காது.

வெள்ளிக்கிழமை காலையில் முட்டை வெள்ளையும் பொடிச்சர்க்கரையும் அடித்த ஐசிங்கைப் பசையாகத் தடவி நான்கு சுவரையும் நிறுத்தினோம். கூரையை மேலே வைத்துப் பார்த்தேன். பக்கச்சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஓர் அங்குலம் வெளிச்சம் தெரிந்தது. கதவோ, வாசலுக்குள் நுழையவே மாட்டேன் என்றது.

"உங்க அடுப்பு சுவரைச் சுருக்கிடுச்சு," என்றேன்.

அவர் என் பழுப்புத்தாள்களை எடுத்து அளந்தார். "முன்சுவருக்குக் கீழ ரெண்டு அங்குலம் கூட இருக்கே, எதுக்கு?"

"மடிப்புக்கு."

"பக்கச்சுவருக்கு ஒண்ணுதான் இருக்கு."

"அது சட்டைக் கை மாதிரி தானே? கைக்கு ஓரங்குலம் விட்டாப் போதும். கதவுக்குச் சுத்தி அரை அங்குலம், தையலுக்கு."

அவர் என்னையே பார்த்தார். "எதைம்மா மடிக்கப் போற? பிஸ்கட்டையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷம் பழகிய கை. துணி எது, மாவு எது என்று அது என்னைக் கேட்கவில்லை.

விஷயம் கல்லாவரை போய்விட்டது. "பரவாயில்லக்கா," என்று அங்கிருந்தே குரல் வந்தது. "வளர்ற புள்ளைக்கு விடுற மாதிரி விட்டிருக்கீங்க. அடுத்த வருஷம் வீடு வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்!" பொட்டலம் கட்டுகிறவர்கள்கூடச் சிரித்தார்கள்.

புதிதாகச் சுவர் சுட வழியில்லை. அடுப்பு முழுக்க விடுமுறை ரொட்டி; சுட்டாலும் காய ஒரு நாள் வேண்டும். "நான் போய் முதலாளியம்மாகிட்ட சொல்லிடறேன்," என்றார் அவர். எனக்கு அந்த மடிப்பறைக்குத் திரும்பிப் போவதைவிட, கல்லாக்காரர் தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பாரே, அதுதான் பெரிதாக இருந்தது.

"நில்லுங்க," என்றேன். "பாவாடை குட்டையாப் போனா தூக்கியா எறியறோம்? கீழ பட்டை வெச்சுத் தெக்கிறதில்ல? மீதி மாவு இருக்கா?"

"இருக்கு."

"பன் தட்டு ஓரத்துல எனக்குக் கொஞ்சம் இடம் குடுங்க."

ஓரங்குல உயரம், இரண்டு விரல் கனத்தில் இரண்டு பட்டை சுட்டோம். பக்கச்சுவர்களைப் பெயர்த்து அவற்றின்மேல் நிறுத்தினேன். இடைவெளி போனது. இரண்டு பக்கம் மட்டும் பட்டை இருந்தால் ஒட்டுப்போட்டது தெரியுமே! அதனால் முன்னும் பின்னும் மெல்லிய பட்டை ஒட்டி, சுற்றிலும் பாதாம் பருப்பைப் பாதியாக உடைத்துக் கல் பதித்ததுபோல் பதித்தேன். நுழையாத கதவைப் பாதி திறந்த மாதிரி சாய்த்து ஒட்டிவிட்டேன். ஆனால் சுட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத பட்டை. கூரை எடையில் நசுங்கினால் எல்லாம் ஒரே குவியல். கூரையை ஒட்டி, அதன் ஓரத்துக்கு முட்டாக நான்கு ஜாம் டின்களை வைத்துவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை காலையில் முதலாளியம்மா நேராக வீட்டிடம் வந்தார். டின்களை எடுக்க நான் கை நீட்டினேன். "நீ தள்ளு," என்று அவரே எடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதை எடுத்தபோது 'க்ரிக்' என்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கூரை முகட்டில் ஐசிங் நூலளவு விரிந்திருந்தது. நான்காவதையும் எடுத்தார். வீடு நின்றது. உள்ளங்கையை வைத்து முகட்டை அழுத்தினார். அப்போதும் நின்றது.

பிறகு குனிந்து பார்த்தார். "இதென்ன கீழ பட்டை? மாஸ்டர் வெச்சதே இல்லையே?"

வீட்டுக்கு அஸ்திவாரம் வேண்டாமா என்று ஒரு போடு போட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே அதைத்தான் சொல்லச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. நானே செய்த வேலையை நானே ஏன் மறைக்க வேண்டும்?

"மடிப்புக்கு விட்டு வெட்டிட்டேம்மா. பழக்கதோஷம். சுவர் குட்டையாயிடுச்சு, பட்டை வெச்சுச் சரி பண்ணிட்டேன்."

முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "மாவு என்னிக்கு நம்ம சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு? கெட்டுப்போனதைத் தூக்கிப் போடத்தான் இங்க எல்லாருக்கும் தெரியும். மேல போய் உன் சாமானை எடுத்துட்டு வா."

கல்லாக்காரர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார், தலையே நிமிரவில்லை. நான்கு பேர் பலகையோடு தூக்கிக் கண்ணாடிக்குள் வைத்தோம். வெளியே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப்பெண் திறந்த கதவு வழியாக உள்ளே யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தாள்.

நான் படியேறிப் போனேன். மிஷின்மேல் ஐந்து கால்சட்டை பாக்கி இருந்தது. அத்தனையும் மடித்துத் தைத்து, நூலை வெட்டி, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். கையில் எடுத்த வேலையை அரைகுறையாக விட்டவள் என்று இந்தத் தெருவில் ஒருவர் சொல்லட்டும்.